வாயில் பறியோடு வந்தவர்

என் வீட்டுக்காரருக்குக் கைராசி உண்டு, வாய்தான் ராசியில்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை, கோட்டைக்குப்பம் முழுவதும் சொல்லும். அவர் வாயைத் திறந்தால் பழமொழிதான் வரும். சோறு குழைந்தால் ஒன்று, குழையாவிட்டால் இன்னொன்று. காற்று திரும்பினால் ஒன்று, கேஸ் விலை ஏறினால் ஒன்று. போனை எடுத்தால் ஹலோவுக்கு முன்னால் ஒன்று. ஒருமுறை கல்யாண வீட்டில் சொல்ல வேண்டியதைச் சாவு வீட்டில் சொல்லிவிட்டு, நாங்கள் காரியச் சாப்பாடு சாப்பிடாமலே எழுந்து வர வேண்டியதாயிற்று.

அவற்றில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுதப் போவதில்லை. இருபது வருஷமாகக் காதில் வாங்கியது போதாதென்று கையாலும் எழுத வேண்டுமா?

ஆனால் அவர் சரக்கு எப்படிப்பட்டது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். வாழ்க்கையைப் பற்றி ஒரு கூடை வைத்திருக்கிறார். அதிர்ஷ்டத்தைப் பற்றி ஒரு கூடை. மனசையும் நாக்கையும் அடக்குவதைப் பற்றி ஒரு பெரிய கூடை. அந்த மூன்றாவதைத் திறந்துவிட்டால் மனிதரை நிறுத்தவே முடியாது. அதிகம் பேசாமல் இருப்பதன் பெருமையைப் பற்றி, பழவேற்காட்டில் பஸ் ஏறியதிலிருந்து பொன்னேரியில் இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் தன் ஊருக்கு முன் ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

எளாவூர் செக்போஸ்டில் நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆட்டோவில் நண்டுப் பெட்டிகள். பெட்டியில் என்ன என்று போலீஸ்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார். நண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் மனிதனின் ஆசையைப் பற்றி ஒன்று எடுத்துவிட்டார். அந்த போலீஸ்காரர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, எல்லாப் பெட்டியையும் இறக்கித் திறந்து காட்டச் சொன்னார். மூடியைத் திறந்ததும் நண்டுகள் ரோடு முழுக்க ஓடின. நானும் என் தம்பியும் ஆந்திர எல்லைவரை அவற்றைத் துரத்திப் பிடித்தோம். இவர் ஓரமாக நின்று பொறுமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட ஆளை எப்படிக் கட்டினாய் என்று கேட்பீர்கள். தப்பு என் மேல் இல்லை, பறியின் மேல்.

நான் பழவேற்காடு ஏரிக்கு மேற்கே, வலை இல்லாத குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் கையால்தான் இறால் பிடிப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போக வேண்டும். பிடித்ததைப் போடுவதற்குப் பனை ஓலையில் முடைந்த பறி ஒன்று உண்டு. வயிறு பெருத்து, வாய் குறுகி இருக்கும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். காலையில் கடித்தால் வெயில் ஏறும்வரை வாயைத் திறக்க முடியாது. திறந்தால் பறி தண்ணீரில் போகும், கூடவே அன்றைய குழம்பும் போகும்.

அப்படி நான் பறியைக் கடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் படகு அந்தப் பக்கம் வந்தது. இறால் கிடைக்கிறதா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, சொல்ல முடியாது. உடனே ஒன்று சொன்னார். அதற்கும் நான் பேசவில்லை. அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். இவ்வளவு பொறுமையாகத் தன் பேச்சைக் கேட்கும் பெண்ணை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லையாம். நான் பறியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்தக் கல்யாணம் இரண்டு பக்கமும் பெரிய பேச்சானது. கடலுக்கும் ஏரிக்கும் படகில் போகும் குடும்பம் அவர்களுடையது; சேற்றில் குனியும் குடும்பம் எங்களுடையது. என் நாத்தனார் எனக்கு வைத்த பெயர் ‘பறி கடிச்சவ’. விசேஷ வீட்டில் நான் கொஞ்சம் மெதுவாகச் சாப்பிட்டால்கூட, "பறிய கடிச்ச பல்லு இல்ல, அப்டித்தான் இருக்கும்" என்பாள். நான் என் பறியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். வலித்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன், ஆனால் வலித்தது.

என் தம்பியும் சின்னப் பையனாக என்னோடு வந்து, வளர்ந்தபின் அவர் படகில் சேர்ந்துகொண்டான். மாமனும் மச்சானும் நல்ல ஜோடிதான், பாடு போடும் நாளைத் தவிர.

ஏரியில் வலை கட்டும் இடத்தை எங்கள் பக்கம் பாடு என்பார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய பாட்டில் இறால் கொட்டும். கடைசிப் பாடு சேற்று மேடு. அங்கே வலையில் நண்டும் பாசியும்தான் ஏறும். யாருக்கு எது என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத்தான் முடிவாகும். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சீட்டைப் பிரித்ததிலிருந்து முதல் வலையின் இறால் கரையில் இறங்கும்வரை, பாடு விழுந்த படகில் இருக்கும் யாரும் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. நல்லதும் பேசக் கூடாது, கெட்டதும் பேசக் கூடாது. பேசினால் தங்கள் பாட்டைக் கடைசிப் பாடு விழுந்தவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடையதை எடுத்துக்கொள்ள வேண்டும். தன்னைப் பற்றிய பேச்சு காதில் விழுந்தால் அதிர்ஷ்டம் எழுந்து போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. மற்றவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. மாலையில் சீட்டு, இருட்டும்போது வலை, விடியும்போது கரை. ஒரு ராத்திரி வாயை மூடிக்கொண்டிருக்க யாரால் முடியாது?

என் வீட்டுக்காரரால் முடியாது. கைராசிக்காரர் இல்லையா, சீட்டில் அவருக்கு முகத்துவாரம் விழாத வருஷம் குறைவு. அந்தப் பாட்டில் அவர் வலை கட்டிய வருஷம் ஒன்றுகூட இல்லை. சீட்டைப் பிரிப்பார், முகம் மலரும், அதிர்ஷ்டக் கூடையிலிருந்து ஒன்று வெளியே வந்து விழும். ஒரு வருஷம் படகேறும்வரை தாக்குப் பிடித்தார். இன்னொரு வருஷம், தான் இந்தத் தடவை வாயை அடக்கிவிட்டதைப் பாராட்டித் தனக்குத் தானே ஒன்று சொல்லிக்கொண்டார். அதனால் கடைசிப் பாடு யாருக்கு விழுந்தாலும் எங்கள் ஊரில் அழ மாட்டார்கள். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

போன வருஷம் பாடு போடுவதற்கு முந்தின வாரம் என் தம்பி வந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். சாப்பிடவில்லை.

"அக்கா, நான் சொல்லிட்றேன். இந்த வருசமும் மாமா வாயத் தொறந்தாருன்னா நான் படகுல இருக்க மாட்டேன். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுல ஆள் எடுக்கறாங்க. போயிடுவேன். பேஜாரா கீது."

அவன் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. கழி நட்டு வலை கட்டுவது ஒற்றை ஆளால் ஆகாத வேலை. தம்பி போனால் படகு கரையில்தான் கிடக்கும். அந்த வாயோடு இவருக்கு வேறு கூட்டாளி கிடைப்பான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அதைவிட, எனக்கென்று அந்த ஊரில் இருந்த பிறந்த வீட்டு ஆள் அவன் ஒருவன்தான்.

அன்றிலிருந்து என் வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. முதலில் வாயில் கல்கண்டு போட்டுக்கொள்ளச் சொன்னேன். கடக்கென்று கடித்து விழுங்கிவிட்டு இனிப்பைப் பற்றி ஒன்று சொன்னார். வாயில் தண்ணீரை வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் வேண்டுமென்றே ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டேன். தண்ணீர் என் மேல் விழுந்தது, பின்னாலேயே பழமொழியும் விழுந்தது. வெற்றிலையும் உதவவில்லை. கடைசியில் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். வருவதை இருமலாக மாற்றிவிடுவது. இரண்டு நாள் வீடு முழுக்க இருமல். ஆனால் இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இருமலின் நீளத்தைக் கேட்டாலே அது எதுவென்று தெரியாதா? எனக்கே தெரிந்தால் ஊர்த் தலைவருக்குத் தெரியாமல் இருக்குமா? இருமலும் பேச்சுக் கணக்குதான் என்று அவர் சொல்லிவிட்டால் முடிந்தது கதை.

பாடு போடும் நாள் சாயங்காலமும் தேநீர் ஆறிப்போனதற்கு ஒன்று சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் பரணில் ஏறி, துணி மூட்டையைப் பிரித்து, என் பழைய பறியை எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

"இன்னாமே இது?"

"கடி."

"இன்னாது?"

"கயித்தப் பல்லுல கடி. சீட்டுப் பிரிச்ச உடனே கடிக்கணும். கரைக்கு எறா எறங்கற வரைக்கும் எடுக்கக் கூடாது. எங்க ஆளுங்க பொறந்ததுலேருந்து இத கடிச்சிக்கினுதான் வேலை செய்யறாங்க. ஒரு வார்த்த வெளிய வராது."

அவர் பறியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கயிற்றில் என் பல் பட்ட அடையாளம் இன்னும் இருந்தது. கோபத்தில் செய்துவிட்டேனே தவிர, எனக்குள் பயம் வந்துவிட்டது. பறியோடு அவர் தெருவில் போனால் முதலில் சிரிப்பது அவர் தங்கச்சி, என் நாத்தனார்தான். அந்தச் சிரிப்பு என் மேல்தான் வந்து விழும். வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பொருத்தமாக ஒன்றும் சொல்லாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. பெண்கள் நாங்கள் வேப்பமரத்துப் பக்கம் நின்றோம். அவர் முறை வந்ததும் பானைக்குள் கைவிட்டுச் சீட்டை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் பிரித்து, "முகத்துவாரம்" என்றார். கூட்டம் மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது. என் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவர் முகம் மலர்ந்தது, உதடு பிரிந்தது, கழுத்து நரம்பு எழுந்தது. அந்த நொடியில் பறியின் கயிற்றைக் கடித்தார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரிப்பு கிளம்பியது. எனக்கு முன்னால் நின்றிருந்த நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது சொல்பவள், அன்றைக்கு அவளுக்கும் ஒன்றும் வரவில்லை. சொன்னால் அண்ணனையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் கடைசிப் பாடு எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு விழுந்திருந்தது. மனிதர் லேசில் விடவில்லை. கோயிலிலிருந்து படகுத்துறைவரை என் வீட்டுக்காரரை ஒட்டிக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு பழமொழியிலும் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு, மீதி மறந்துபோன மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

"அப்பறம் இன்னா நைனா வரும் அது? நாக்கு மேலயே நிக்குது, வர மாட்டேங்குதே. நீதான் சொல்லேன்."

பாதிப் பழமொழியைக் கேட்டுவிட்டு மீதியைச் சொல்லாமல் இருப்பது என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத்தான் தெரியும். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. பறி இப்படியும் அப்படியும் ஆடியது. பல்லும் கயிறும் உராயும் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு தடவை எதிர்வீட்டுக்காரர் வேண்டுமென்றே தப்பாகவும் சொன்னார். அதற்கு என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் கயிற்றை விடவில்லை. முழுத் தெருவும் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, தலை நிமிர்ந்து, என் பறியை வாயில் கடித்துக்கொண்டு, நடுத்தெருவில் நடந்துபோனார். இருபது வருஷமாக நான் மூட்டை கட்டி வைத்திருந்ததை அவர் ஊர்வலமாக எடுத்துப் போனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

படகு கிளம்பிப் போனது. விடியும்போது நான் துறையில் நின்றேன். எனக்கு முன்பே எதிர்வீட்டுக்காரர் வந்து குந்தியிருந்தார். தலைவரும் வந்தார், நாத்தனாரும் வந்தாள். பாதி ஊர் வந்துவிட்டது. பாடு போட்ட மறுநாள் இவ்வளவு கூட்டம் துறைக்கு வந்ததே இல்லை.

வெளிச்சம் பரவும்போது படகு தெரிந்தது. தம்பி முன்னால் கழியோடு நின்றான். பின்னால் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், வாயில் பறி தொங்கியது. படகு தாழ்ந்து வந்ததைப் பார்த்தே சரக்கு கனம் என்று புரிந்தது. கிட்டே வரவர நடுப்பலகை வரைக்கும் இறால் குவிந்திருந்தது தெரிந்தது. கரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார். நான் அம்மனைக் கும்பிட்டேன். இன்னும் ஒரு கழி தூரம்தான்.

அப்போது தம்பி என்னைப் பார்த்தான். முகமெல்லாம் பல்லாக, கழியைத் தலைக்கு மேல் தூக்கி, அதிர்ஷ்டக் கூடையிலிருந்து ஒன்றை முழுசாக, ஏற்ற இறக்கம் மாறாமல், என் வீட்டுக்காரர் சொல்கிற அதே ராகத்தில், ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

கத்தி முடித்த பிறகுதான் அவனுக்கே தான் செய்தது புரிந்தது. தூக்கிய கழி தூக்கியபடியே நின்றது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "படகு கரைய தொடல" என்றார், வருத்தமாகத்தான். "கட்டுப்பாடுன்னா எல்லாருக்கும் ஒன்னுதான். இன்னிக்குப் புடிச்சது உங்களுது. பாடு அவருது."

எதிர்வீட்டுக்காரர் மெல்ல உட்கார்ந்துகொண்டார். அவருக்கே கூச்சமாக இருந்தது.

படகு கரை தட்டியது. தம்பி இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இறால் குவியலைப் பார்த்தபடி, எனக்குக் கேட்கும்படி மட்டும் பேசினான்.

"ராத்திரி முழுக்க கம்முனு இருந்தாருக்கா. ஒரு சத்தம் இல்ல. தண்ணி சத்தம் மட்டும்தான். பத்து வருசமா அவரு பேச்சக் கேட்டே வல இழுத்தவன் நான். எனக்குப் பைத்தியம் புடிச்சா மாதிரி ஆயிடிச்சி. அதான், அவரு சொல்றதெல்லாம் ஒன்னு ஒன்னா நானே மனசுக்குள்ள சொல்லிக்கினே வந்தேன். வாய் வரைக்கும் வந்து நின்னுச்சி. உன்னப் பாத்ததும் வெளிய வந்துடிச்சி."

என் வீட்டுக்காரர் எழுந்தார். பறியின் கயிற்றை மெதுவாகப் பல்லிலிருந்து எடுத்தார். வாய் ஓரம் சிவந்து கன்றிப் போயிருந்தது. தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்தார். கரை முழுவதும் காத்திருந்தது. இந்த நேரத்துக்கென்றே அவரிடம் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறரைக் குறை சொன்னவன் தானே மாட்டிக்கொண்டால் சொல்ல வேண்டியது, கைக்கு வந்தது நழுவினால் சொல்ல வேண்டியது, நாக்கை அடக்கத் தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டியது. அந்தப் பெரிய கூடை முழுவதற்கும் வேலை வந்திருந்தது. கட்டுப்பாடும் முடிந்துவிட்டது, இனி அவர் என்ன வேண்டுமானாலும் பேசலாம். சொன்னால் தம்பி அன்றைக்கே எண்ணூருக்குப் போயிருப்பான், கோபத்தில் இல்லை, அவமானத்தில்.

அவர் தம்பி தோளில் கை வைத்தார்.

"பசிக்குது மச்சான். வா, சாப்ட்டுட்டு வந்து கழிய புடுங்கி அந்தப் பக்கம் நடலாம்."

அவ்வளவுதான். இருபது வருஷத்தில், பழமொழி வர வேண்டிய இடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சாதாரணப் பேச்சு அது என்று நினைக்கிறேன். அந்த மனிதரை எதற்காகக் கட்டினேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். நாத்தனார் வந்து, யாரும் கேட்காமலே, கூடையில் இறாலை அள்ள ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் பறியைத் தண்ணீரில் அலசி என்னிடம் நீட்டினார். தம்பி குறுக்கே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். கயிற்றில் இருந்த பல் அடையாளங்களைப் பார்த்தான். என்னுடையது பழசு, அவருடையது புதுசு.

"அக்கா" என்றான். "அடுத்த வருசத்துக்குள்ள இன்னொன்னு முடஞ்சி வச்சிடு. ரெண்டு பேரு கீறோம், ஒரு பறி பத்தாது."